முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்

மனம் என்றால் என்ன, மருந்தே இல்லாமலும் வலி சில நேரம் குறைகிறதே அது எப்படி, மனிதனுக்குள் வெளிவராத திறன் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் பேச புதுச்சேரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைப் பக்கம் ஆசிரமம், ஊருக்கு வெளியே ஆரோவில். உள்ளே வந்தால் சித்த மருத்துவம், வர்மம், அக்குபங்சர், ரெய்கி, மலர் மருந்து என்று தெருவுக்கு ஒரு பலகை தொங்கும். ஆனால் இதைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இரண்டே விதமாகத்தான் முடிந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டம் கும்பிடும், இன்னொரு கூட்டம் சிரிக்கும். இரண்டு கூட்டமுமே எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்காது.

அதனால்தான் சில வருடங்களுக்கு முன் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், சித்த மருத்துவர் ஒருவர், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர், யோகா சொல்லிக்கொடுக்கும் பெண், தையல்கடை வைத்திருப்பவர், நான். இவர்கள் நிலையாக வருகிறவர்கள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். இதே போல ஒன்றைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்பதால், எங்களுக்குப் பயன்பட்டதை எழுதி வைக்கிறேன்.

இந்த ஊருக்கும் இந்தப் பேச்சுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்க இளைஞர் 1950-களின் நடுவில் இங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். ஊர் திரும்பி, 1962-இல் ரிச்சர்ட் பிரைஸுடன் சேர்ந்து கலிபோர்னியாவின் பிக் சர் கடலோரத்தில் எசலென் என்ற தியான, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். மனிதனுக்குள் மறைந்திருக்கும் திறனை வெளிக்கொண்டுவரப் பார்த்த ‘மனித ஆற்றல் இயக்கம்’ பின்னால் பேர் வாங்கியதற்கு அந்த இடம்தான் பெரிய களம். இன்று ஆங்கிலத்தில் வந்து இறங்கும் பல பயிற்சி வகுப்புகளுக்கு ஒரு வேர் நம் ஊர்த் தெருக்களில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதுமே சந்தோஷமான விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் ஒரே ஒரு விதிதான் கறாராக நடக்கும். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன காரணம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விதி எவ்வளவு வேலை செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தது ஒரு மழைக்கால மாலையில். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். கணவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தவர் திடீரென்று, “அவர் வர்றார். ராத்திரியில வர்றார்” என்றார். உடனே ஒருவர் ஆன்மா வீட்டைச் சுற்றும் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். இயற்பியல் ஆசிரியர், “மூளைதான்மா அப்படிக் காட்டும்” என்றார். இரண்டு பேரையும் செவிலியர் கையமர்த்தினார்.

“இருங்க சார். அக்கா, எந்தப் பக்கமா வர்றார்?”

“கட்டிலுக்கு வலது பக்கம். சன்னல் ஓரம்.”

“கண்ணுல தெரியறாரா?”

“தெரியல. செருப்பு கழட்டுற சத்தம்தான் கேக்கும். ரெண்டும் ஒண்ணா விழாது. முதல்ல ஒண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அவருக்கு இடது முட்டி மடங்காது.”

“கேட்டா பயமா இருக்கா?”

“பயம் எதுக்கு? வந்துட்டார்னு தூங்கிடுவேன். பையன்கிட்ட சொன்னா பைத்தியம்னு நினைச்சிடுவானோன்னுதான் பயம்.”

மாடியில் அப்புறம் யாரும் ஆன்மா பற்றியோ மூளை பற்றியோ அவசரப்படவில்லை. மடங்காத முட்டியோடு ஒருவர் ஒவ்வொரு செருப்பாகக் கழற்றுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. காரணத்திலிருந்து தொடங்கியிருந்தால் அந்த அம்மா இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்து செவிலியர் அவரிடம் ஒரு தகவல் சொன்னார். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துபோன கணவரையோ மனைவியையோ அருகில் உணர்ந்திருந்தார்கள். சிலருக்குக் குரல் கேட்டது, சிலர் உருவத்தைப் பார்த்தார்கள். அப்படி உணர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இதைக் கேட்டதும் அந்த அம்மா, “அங்கயும் வர்றாங்களா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அதற்கடுத்த மாதம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவருவது சுலபம். எங்கே, எப்போது, உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், அன்று என்ன சாப்பிட்டீர்கள், முந்தின இரவு தூங்கினீர்களா என்று கேட்க வேண்டும். ‘ஏன்’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும். “எனக்கு சக்கரம் திறந்தது” என்று ஒருவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். “திறந்தப்போ உடம்புல என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டால் போதும். நெஞ்சில் சூடு, கையில் நடுக்கம், காரணமில்லாத அழுகை என்று பதில் வரும். அதை வைத்து நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்தே பேச முடியும்.

மாற்று மருத்துவம் பற்றிய பேச்சுதான் எங்கள் மாடியில் அதிகம் சூடேறும். அங்கே பேச்சைத் திருப்பிவிட்டவர் எங்கள் சித்த மருத்துவர். சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் மொழியும் ஒன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குரல் கம்மியிருக்கிறதா, பேச்சு தடுமாறுகிறதா என்பதும் நோயின் அடையாளம். அவர் சொன்னார்: “மூணு விரலை வச்சு நாடி பார்க்கிறப்போ நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த நேரத்துலதான் அவங்க பேச ஆரம்பிப்பாங்க. மருமக சண்டை, கடன், எல்லாம் வரும். வயித்து வலின்னு வந்தவங்க வயித்தைப் பத்தி கடைசியிலதான் சொல்வாங்க.”

ஆங்கில மருத்துவத்திலும் இதே கவலை உண்டு. அமெரிக்காவில் 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று கணக்கெடுத்தார்கள். நம் ஊர் புறநோயாளிப் பிரிவில் டோக்கனோடு நின்றிருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரில் இருக்கும் மருத்துவரும் பாவம், வெளியே இன்னும் எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மாற்று மருத்துவரிடம் கூட்டம் போவதற்கு மருந்து மட்டும் காரணமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அங்கே ஒருவர் முழுதாகக் கேட்கிறார்.

அந்தக் கேட்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டில் டெட் காப்சக் என்ற ஆய்வாளர், முன்பு சீன மருத்துவம் படித்தவர். ஐ.பி.எஸ். என்ற குடல் தொல்லை உள்ள 262 பேரை அவருடைய குழு மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவினரை வெறுமனே காத்திருக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்குத் தோலைத் துளைக்காத போலி அக்குபங்சர் ஊசி, பேச்சு ஐந்து நிமிடத்துக்குள். மூன்றாவது பிரிவுக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் முதல் சந்திப்பிலேயே முக்கால் மணி நேரம் அக்கறையான பேச்சு. மூன்று வாரம் கழித்து, போதுமான அளவு நிம்மதி கிடைத்தது என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் 28 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசி இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான், கூடுதலாகச் சேர்ந்தது அந்தப் பேச்சு மட்டுமே. 2008-இல் இது வெளியானது.

இந்த இடத்தில் எங்கள் மாடியில் பலர் குதூகலமாகி, “அப்போ எல்லாம் மனசுதான்!” என்பார்கள். அப்போது நான் இன்னொரு ஆய்வை எடுத்து வைப்பேன். 2011-இல் ஆஸ்துமா நோயாளிகள் 39 பேரிடம் செய்தது, காப்சக்கும் அதில் உண்டு. உண்மையான மூச்சு மருந்து, மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவும் தராமல் விடுவது என்று நான்கு விதமாக ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 சதவீதம் முன்னேற்றம் சொன்னார்கள். போலி இன்ஹேலருக்கு 45, போலி ஊசிக்கு 46, சும்மா விட்டதற்கு 21. கிட்டத்தட்ட மருந்தும் போலியும் ஒன்றுதான் என்று தோன்றுகிறதல்லவா? அதே ஆட்களின் நுரையீரலைக் கருவியில் ஊத வைத்து அளந்தார்கள். ஒரு விநாடியில் வெளியே தள்ளும் காற்று உண்மை மருந்தில் 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்த ஒரு ஆய்வுதான். தேவலை என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. நுரையீரல் திறக்காததும் பொய்யில்லை. வலி, குமட்டல், களைப்பு, பதற்றம், தூக்கம் இவற்றில் நல்ல பேச்சும் தொடுகையும் நம்பிக்கையும் நிஜமான நிம்மதி தரும். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூச்சுக்குழல், கட்டி இவற்றை அளந்துதான் பார்க்க வேண்டும். அதனால் யாராவது தங்களுக்குக் குணமான கதையைச் சொன்னால் நாங்கள் ஒன்று கேட்போம்: “சுகமா தெரிஞ்சுதா, இல்ல டெஸ்ட்ல மாறிச்சா?” இரண்டும் மதிப்புள்ளவைதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடக் கூடாது.

சிகிச்சை தருகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் மாடியில் கேட்கும் முதல் கேள்வி, “உங்களால எது முடியாது?” என்பது. நல்லவர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். எங்கள் சித்த மருத்துவர் உடனே சொன்னார்: “நெஞ்சு வலி, வாய் கோணல், விடாத ரத்தப்போக்கு, குழந்தைக்கு வலிப்பு. இதுக்கெல்லாம் என் வாசல்ல செருப்பைக்கூட கழட்ட வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.” பொடியும் தைலமும் தருகிற இன்னொருவர் ஒருமுறை வந்திருந்தார். அதே கேள்விக்கு, தன்னிடம் வந்தவர்களில் யாரும் குணமாகாமல் போனதில்லை என்றார். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களை அதை நிறுத்திவிட்டு வரச் சொல்வதாகவும் பெருமையோடு சொன்னார். செவிலியர் எழுந்து நின்று, அப்படி நிறுத்தியவர்களைத் தான் வார்டில் எந்த நிலையில் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்தவர் டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

இங்கே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம், 1954-லிருந்தே நம் நாட்டில் மாய சிகிச்சை விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது என்பது. புற்றுநோய், சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் அப்படிப் போட்டிருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. சித்த மருத்துவர் என்றால் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பும் பதிவு எண்ணும் இருக்கும், கேட்பதில் தப்பில்லை. பற்பம், செந்தூரம் போன்ற பொடி மருந்துகளில் பாதரசம், ஈயம், பாடாணம் (ஆர்சனிக்) சேரலாம். சரியாகச் சுத்தி செய்யாதது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். லேபிளும் உரிம எண்ணும் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் பொடியை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை இரண்டு பக்க மருத்துவரிடமும் காட்டுங்கள். இதைச் சொல்லும்போது எங்கள் சித்த மருத்துவரே எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டுவார்.

மனம், பிரக்ஞை (நான் இருக்கிறேன், உணர்கிறேன் என்ற விழிப்பு) என்று பேச்சு வரும்போது வேறு வகையான கவனம் தேவைப்படுகிறது. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பி நீண்ட தியானப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. தூக்கமே வரவில்லை, கை தன்னுடையது போலவே தெரியவில்லை என்றார். ஒருவர் அதைக் குண்டலினி எழும்பிய அறிகுறி என்று வாழ்த்தப் போனார். யோகா சொல்லிக்கொடுக்கும் பெண் அதைத் தடுத்து, நேராகக் கேட்டார்: எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்குகிறதா, குரல் ஏதும் கேட்கிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பலர் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு வாசல்தான் கிடைக்கும். தியானத்தை நிறுத்தச் சொல்லி, இரண்டு பேர் கூடவே போய் மனநல மருத்துவரிடம் சேர்த்தார்கள். அந்தத் தம்பி இப்போது வேலைக்குப் போகிறார், நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறார்.

தியானத்தில் பயம், தூக்கமின்மை, ‘நான்’ என்ற உணர்வு கலைவது போன்றவை சிலருக்கு வருவது ஆய்வுலகத்துக்குத் தெரிந்ததுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் குழுவினர் தியானம் செய்கிறவர்களிடமே விரிவாகப் பேசி 2017-இல் இவற்றை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். தியானம் எல்லோருக்கும் நல்லதுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் மாடிக் கதவில் அதை ஒட்டி வைத்திருக்கிறோம்.

அதற்காகப் பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. இத்தாலியில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெபமாலைப் பிரார்த்தனையையும் யோக மந்திரத்தையும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவுக்கு இறங்கியது, இரத்த அழுத்தத்துக்கேற்ப இதயத் துடிப்பைச் சரிசெய்துகொள்ளும் உடலின் திறனும் மேம்பட்டது. எங்கள் யோகா ஆசிரியை இதைச் செய்து காட்டியபோது வந்திருந்தவர்களில் தேவாலயத்துக்குப் போகிறவரும் இருந்தார், கோயிலுக்குப் போகிறவரும் இருந்தார். ஐந்து விநாடி உள்ளே, ஐந்து விநாடி வெளியே. யாரும் எதையும் நம்பத் தேவையில்லாத பயிற்சி இது. மூச்சை அடக்கிப் பிடிக்காமல் செய்யுங்கள், தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

பிரக்ஞையைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்களிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1998-இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். மூளையில் பிரக்ஞை எந்த நரம்புச் செயலாக இருக்கிறது என்பது 25 ஆண்டுக்குள் தெளிவாகிவிடும் என்பது காக்கின் கட்சி. 2023-இல் நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு சால்மர்ஸிடம் ஒயின் பெட்டியைக் கொடுத்தார். இருவரும் நண்பர்கள். இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களே இப்படி இருக்கும்போது மொட்டை மாடியில் நாம் கோபப்பட என்ன இருக்கிறது?

பேசும் முறைக்கு ஜே. கிருஷ்ணமூர்த்தியும் இயற்பியலாளர் டேவிட் போமும் 1980-இல் கலிபோர்னியாவின் ஓஹாயில் தொடங்கிய நீண்ட உரையாடல்கள் எங்களுக்கு உதவின. போம் பின்னால் இருபது முதல் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, தலைவர் இல்லாமல், முடிவெடுக்கும் அவசரம் இல்லாமல் பேசும் முறையைப் பரிந்துரைத்தார். நமக்கு அவ்வளவு பேர் வேண்டாம். பத்துக்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் வாயைத் திறப்பதில்லை. அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது, எதிர்ப்புத் தோன்றும்போது அதை உடனே சொல்லாமல் அந்த எதிர்ப்பு நமக்குள் எப்படிக் கிளம்புகிறது என்று சற்றுக் கவனிப்பது. கழுத்து இறுகும், மூச்சு மேலே ஏறும். இயற்பியல் ஆசிரியர் இதை முதலில் கிண்டல் என்று நினைத்தார். இப்போது அவரே, “இருங்க, எனக்குக் கோபம் வருது, போகட்டும்” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

மற்றபடி சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். கைபேசிகள் கூடையில் போய்விடும். பதிவு செய்வதென்றால் பேசுகிறவரிடம் முன்பும் கேட்போம், பேசி முடித்தபின் மறுபடியும் கேட்போம். சொன்ன பிறகு மனசு மாறுவது சகஜம். யாரும் விசிட்டிங் கார்டு நீட்டக் கூடாது, கட்டணமும் கிடையாது. டீ செலவை வந்தவர்கள் பகிர்ந்துகொள்வோம். கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது என்பது மட்டும் இன்னமும் அடிக்கடி உடைகிறது. நம்மவர்களுக்குக் கஷாயம் சொல்லாமல் இருக்க முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆன்மா, ஏழு சக்கரம், மறுபிறவி என்று ஆரம்பிக்காமல் தூக்கத்தில் ஆரம்பியுங்கள். அதில் யாரும் குரு இல்லை, எல்லோருக்கும் சொந்த அனுபவம் உண்டு, கனவுக்கும் பயத்துக்கும் நோய்க்கும் பேச்சு தானாகவே போகும். ஐந்து பேர் போதும். வட்டமாக உட்கார்ந்ததும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்: நேற்று இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, விழித்ததும் முதலில் காதில் என்ன விழுந்தது?